மூளைக்கு மட்டும் ஒரு மார்கழி

மருத்துவ வரலாற்றுத் தொடர் – 17

சென்ற இதழில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கவாதத்துக்கு வந்த கதையைப் பார்த்தோம். நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டால் பலருக்குக் கையும் காலும் மீளும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் ஊசி மருந்து போய்ச் சேருவதற்குள் செத்துப்போன நரம்பணுவை எதுவும் எழுப்பாது என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன். கட்டி கரையும்வரை அந்த அணுக்களைப் பிடித்து வைத்திருக்க வழியே இல்லையா என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிப் பார்த்துவரும் விடை ஒன்று உண்டு. குளிர்.

1938 நவம்பர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் டெம்பிள் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தவரின் பெயரும் டெம்பிள்தான், டெம்பிள் ஃபே. மாணவனாக இருந்த காலம் முதலே அவரை ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. உடலில் எங்கெங்கோ பரவும் புற்றுநோய், கைகால்களின் நுனிப் பக்கம் மட்டும் ஏன் அரிதாகப் போகிறது? கைகால்கள் உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தவை. அதுதான் காரணமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். எந்த மருந்துக்கும் அடங்காத வலியில் கிடந்த புற்றுநோயாளிகளை மயக்கத்தில் ஆழ்த்தி, உடைத்த பனிக்கட்டிகளை உடல் முழுவதும் அடுக்கி, ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ்வரை இறக்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்தார். அறையின் சன்னல்களைத் திறந்துவிட்டால் குளிர்காலக் காற்றும் துணைக்கு வரும். நோயாளிக்குக் கம்பளி போர்த்திப் பழகிய செவிலியர்களுக்கு இது பெரும் மனக்கஷ்டத்தைக் கொடுத்தது. உடல் வெப்பம் அவ்வளவு கீழே இறங்கினால் மனிதன் பிழைக்க மாட்டான் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. நோயாளிகளுக்கு வைக்கும் வெப்பமானியும் அந்த அளவுக்கு இறங்கிக் காட்டாது.

புற்றுநோய் தீரவில்லை, வலி குறைந்தது என்று ஃபே பதிவு செய்தார். நம் கதைக்கு வேண்டியது வேறொன்று. மனிதனை 32 டிகிரிக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் அவன் எழுந்து பேசுவான் என்பதை அவர் காட்டிவிட்டார். அடுத்து, தலையில் பலத்த அடிபட்டவர்களையும் குளிர்வித்துப் பார்த்தார். இன்னொரு காரியமும் செய்தார்: குளிர்ந்த திரவம் சுற்றிவரும் சிறு உலோகக் குமிழ்களைச் செய்து, மண்டையைத் திறந்து, மூளைக்குள் நோய் இருந்த இடத்திலேயே வைத்தார். உடலை விட்டுவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் குளிர்விப்பது என்ற எண்ணம் இந்தக் கதையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு வந்தவர்கள் அதை நெடுங்காலம் மறந்துபோனார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மனம் தங்கும் இடம் இதுதான்.

குளிர் காக்கும் என்ற நினைப்பு ஃபேயுக்கும் முந்தியது. காயம்பட்டவரைப் பனியில் பொதியச் சொன்னது ஹிப்போக்ரட்டீஸ் மரபு. நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, 1812இல் ரஷ்யப் பனியில் பின்வாங்கிய படையோடு வந்தவர். காயம்பட்டுக் கிடந்த வீரர்களில், நெருப்புக்கு அருகே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் தள்ளிக் கிடந்தவர்களைவிட வேகமாக இறந்துபோவதை அவர் கவனித்து எழுதிவைத்தார்.

ஃபேயின் வேலை வளர்ந்திருக்க வேண்டிய காலத்தில் உலகப் போர் வந்தது. 1942, 43 ஆண்டுகளில் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில், நாஜி மருத்துவர்கள் கைதிகளை உறைநீர்த் தொட்டிகளில் இறக்கி, எவ்வளவு நேரத்தில் சாகிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். ஏறத்தாழ 300 பேர் அந்தத் தொட்டிகளில் இறக்கப்பட்டனர். 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஆராய்ச்சி என்று எழுத என் கை வரவில்லை, அது கொலை. போர் முடிந்து உண்மை வெளிவந்தபின், மனித உடலைக் குளிர்விப்பது என்ற பேச்சே கறைபட்டுப்போனது.

அந்தக் கறையிலிருந்து அதை மீட்டவர்கள் இதய மருத்துவர்கள். 1950இல் டொரண்டோ நகரின் வில்ஃப்ரெட் பிகலோ, நாய்களைக் குளிர்வித்தால் இதயத்துக்கு வரும் ரத்தத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி வைக்க முடியும் என்று காட்டினார். 1952 செப்டம்பர் 2 அன்று, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ், 5 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிர்வித்து, இதயத்தைத் திறந்து, உள்ளே இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். அந்தச் சில நிமிடங்கள் ரத்தமின்றி அவள் மூளை தாங்கியது.

ஏன் தாங்கியது? 1954இல் ஹூபர்ட் ரோசமாஃப் நாய்களில் அளந்து சொன்னார்: உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைய மூளை கேட்கும் ஆக்சிஜன் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடலின் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே தின்கிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட உறுப்பின் பசியைக் குறைத்தால் பட்டினியைக் கொஞ்ச நேரம் தாங்கும். இரண்டே ஆண்டில் அவர் நம் நோய்க்கே வந்துவிட்டார். நாயின் மூளையில் நடுத்தமனியை அடைத்து, உடலைக் குளிர்வித்துப் பார்த்தார். பக்கவாதத்தில் மிக அடிக்கடி அடைபடும் நாளம் அதுதான். குளிர்ந்த நாய்களின் மூளையில் அழிவு குறைந்திருந்தது.

1956இலேயே கையில் கிடைத்த உண்மை இது. ஆனால் 1960களின் இறுதிக்குள் குளிர்ச் சிகிச்சை பெரும்பாலான மருத்துவமனைகளிலிருந்து வெளியேறிவிட்டது. காரணம் மூளையல்ல, உடல். 30 டிகிரிக்கு இறக்கப்பட்ட உடலில் இதயம் தாளம் தப்பும். ரத்தம் சரியாக உறையாது. நோயெதிர்ப்பு மந்தமாகி நுரையீரலில் சளி கட்டும். மூளைக்குச் செய்த நன்மையை உடல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

*

அடுத்த இருபது ஆண்டுகள் மௌனம். அதைக் கலைத்தது ஃப்ளோரிடாவின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1987இல் நடந்த எலிச் சோதனை.

அதுவரை எலிகளை வைத்து ஆய்வு செய்தவர்கள் அவற்றின் மலக்குடலில் வெப்பமானியை வைத்து, 37 டிகிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். உடலும் மூளையும் ஒரே சூட்டில் இருக்கும் என்பது எண்ணம். ரவுல் பூஸ்டோ, டால்டன் டீட்ரிச், மைரன் கின்ஸ்பெர்க் ஆகியோர் மூளைக்குள்ளேயே நுண்ணிய வெப்பமானியைச் செலுத்திப் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் நின்ற மூளை, உடல் 37இல் இருக்கும்போதே தானாக ஆறிக்கொண்டிருந்தது. மூளையின் சூடு நிலைப்பது ரத்த ஓட்டத்தால். அது நின்றால் அடுப்பு அணைந்த பானைபோல ஆறுகிறது. பிறகு எலிகளின் மூளையை 36, 34, 33, 30 என்று தனித்தனிச் சூட்டில் நிறுத்தி, 20 நிமிடம் ரத்தத்தைத் தடுத்தார்கள். 36இல் இருந்த மூளைக்கும் 34இல் இருந்த மூளைக்கும் நடுவே இருந்த வேறுபாடு அவர்களையே திகைக்க வைத்தது. இரண்டே டிகிரி! நினைவாற்றலுக்குப் பொறுப்பான பகுதியில் முன்னதில் அணுக்கள் அழிந்திருந்தன. பின்னதில் பெரும்பாலும் பிழைத்திருந்தன.

ரோசமாஃபின் கணக்குப்படி இரண்டு டிகிரிக்கு 12, 14 சதவீத ஆக்சிஜன்தான் மிச்சம். அது மட்டும் இவ்வளவு அணுக்களைக் காத்திருக்க முடியாது. இரண்டு ஆண்டுக்குப் பின் அதே குழு வேறொரு காரணத்தைக் கண்டது. பட்டினி கிடக்கும் நரம்பணு, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவின்றிக் கக்குகிறது. அது பக்கத்து அணுக்களின் கதவுகளைத் திறந்துவிட, உள்ளே கால்சியம் புகுந்து அவற்றையும் கொல்கிறது. தீப்பற்றிய குடிசை பக்கத்துக் குடிசையைக் கொளுத்துவதுபோல. சற்றே குளிர்ந்த மூளையில் இந்தக் கக்கல் வெகுவாக அடங்கிவிடுகிறது. அதன்பின் வரும் வீக்கம், மூளையின் நுண்நாளச் சுவர்கள் கசிவது, அழற்சி எல்லாவற்றின் மீதும் குளிருக்குப் பிடி இருக்கிறது என்பது அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஒரு மருந்து ஒரு கதவை அடைக்கும். குளிர் எல்லாக் கதவுகளையும் கொஞ்சம் கொஞ்சம் சாத்துகிறது.

மயாமி ஆய்வு இன்னொரு கசப்பையும் வெளியே கொண்டுவந்தது. எலிகளின் மூளையைக் காத்ததாக அதுவரை பெயர்வாங்கிய மருந்துகளில் எத்தனை உண்மையில் மருந்தாக வேலை செய்தன? 1990இல் ஆலஸ்டர் புக்கன், வில்லியம் புல்சினெல்லி இருவரும் அப்படிப் புகழ்பெற்ற ஒரு மருந்தைச் சோதித்தார்கள். அது ஜெர்பில் என்ற சிறு விலங்கின் உடலைக் குளிரவைக்கிறது, அந்தக் குளிர்தான் மூளையைக் காக்கிறது. உடல் சூட்டை மாறாமல் வைத்துக் கொடுத்தால் மருந்து பயன் தரவில்லை.

இனி மனிதன். பக்கவாதம் வந்த மூளையில், அடைப்புக்கு நேர் கீழே உள்ள பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடும். அதைச் சுற்றி, பக்கத்து நாளங்களிலிருந்து கசியும் ரத்தத்தால் உயிர் பிடித்துக்கொண்டு, வேலை செய்ய மட்டும் முடியாத பகுதி ஒன்று இருக்கும். கிரகணத்தில் கருநிழலைச் சுற்றி விழும் புறநிழலின் பெயரையே மருத்துவர்கள் அதற்கு வைத்தார்கள். புறநிழல் சிலருக்குச் சில மணி நேரம் நிற்கும், சிலருக்கு ஒரு நாள்கூட நிற்கும். பெரிய நாளம் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். இந்தப் புறநிழலைக் காப்பாற்றுவதற்குத்தான் இத்தனை பாடு.

1996இல் கோபன்ஹேகனில் 390 நோயாளிகளின் உடல் வெப்பத்தை மருத்துவமனைக்கு வந்தவுடன் அளந்தார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மோசமான முடிவுக்கான வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் கூடியது. சூடு கெடுக்கிறது என்றால் குளிர் காக்க வேண்டும் அல்லவா? 1998இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஸ்டீஃபன் ஷ்வாப், நடுத்தமனி முழுதும் அடைபட்டு மூளை வீங்கிக்கொண்டிருந்த 25 பேரை 33 டிகிரிக்கு இறக்கி, இரண்டு மூன்று நாள் வைத்திருந்தார். அந்த அளவுக்கு மூளை வீங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேர் இறப்பதுதான் வழக்கம். 25 பேரில் 14 பேர் பிழைத்தார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் குளிரூட்டத் தொடங்கியபோதே நோய் வந்து சராசரியாக 14 மணி நேரம் ஆகியிருந்தது. 10 பேருக்கு நிமோனியா வந்தது. இறந்தவர்களில் பலருக்கும் ஆபத்து வந்தது குளிரும்போதல்ல, மறுபடி சூடேற்றும்போது. அடங்கியிருந்த வீக்கம் அப்போது பொங்கி எழுந்தது. இன்றும் குளிரூட்டும் மருத்துவர்கள் மணிக்குக் கால் டிகிரி, அதற்கும் குறைவு என்று மெதுவாக ஏற்றுவதற்கு இந்த அனுபவமே காரணம்.

இன்னொரு தொல்லை, நடுக்கம். பக்கவாத நோயாளிகளில் பெரும்பாலோர் விழித்திருப்பவர்கள். உடல் 36 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினாலே தசைகள் உதறி உதறிச் சூட்டை உண்டாக்கும். இறக்கியதெல்லாம் வீணாகும், ஆக்சிஜன் செலவும் ஏறும். இதற்குக் கண்ட வழி விந்தையானது: உள்ளே ரத்தத்தைக் குளிர்வித்துக்கொண்டே வெளியே தோலைக் கம்பளியால் சூடாக வைப்பது. தோல் சூடாக இருந்தால் மூளை ஏமாந்து நடுக்கத்தை அடக்கிக்கொள்ளும். கூடவே பெத்தடின், பஸ்பிரோன் என்ற இரண்டு மருந்துகள். அதில் பெத்தடின் நோயாளியை மயங்க வைக்கும். மயங்கியவருக்கு எச்சில் மூச்சுக்குழலில் இறங்கும். காலின் பெருநாளத்துக்குள் குழாய் செலுத்திக் குளிரூட்டிய அமெரிக்க ஆய்வு ஒன்றில் (2010) பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது. குளிரூட்டாதவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வந்தது.

ஐரோப்பா முழுவதும் 1,500 பேரைச் சேர்த்து இதற்கு முடிவு காணத் திட்டமிட்ட யூரோஹிப்-1 என்ற ஆய்வு, 98 பேரோடு 2018இல் நின்றுபோனது. குளிரூட்டப்பட்டவர்களில் இலக்கு வெப்பத்தைத் தொட்டவர்களே மூன்றில் ஒரு பங்குதான். பலன் எதுவும் தெரியவில்லை. விலங்குகளில் செய்யப்பட்ட சோதனைகளை எல்லாம் 2007இல் கூட்டிப் பார்த்தபோது, குளிர் மூளை அழிவை 44 சதவீதம் குறைத்திருந்தது. வேறெந்த மருந்தும் அந்த எண்ணுக்கு அருகே வருவது அரிது. அப்படிப்பட்ட சிகிச்சை மனிதனிடம் வந்து மண்டியிட்டது ஏன்? என் எண்ணத்தில், எலியின் உடல் கைக்குள் அடங்கும், நிமிடங்களில் குளிர்ந்துவிடும். 70 கிலோ மனிதனைக் குளிர்விக்க மணிக்கணக்காகும். காக்க வேண்டியது ஒன்றரைக் கிலோகூட இல்லாத மூளை. அதற்காக முழு ஆளையும் வதைத்துக்கொண்டிருந்தார்கள்.

*

இந்த இடத்தில் ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் பொட்டல் காட்டில் மேயும் ஆட்டையும், கோடியக்கரையில் ஓடும் வெளிமானையும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மூளைக்கு அடியில், மூளைக்குப் போகும் தமனி நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து ஒரு வலைபோல் பின்னிக்கொள்கிறது. மூச்சுக்காற்றால் மூக்கினுள் குளிர்ந்த ரத்தம் அந்த வலையைச் சுற்றி ஓடித் திரும்புகிறது. உடல் கொதித்தாலும், மூளைக்குள் நுழையும் ரத்தம் அந்த வலையில் ஆறிவிட்டுத்தான் நுழையும். மனிதனுக்கு அந்த வலை இல்லை. மூளையை மட்டும் குளிர்விக்க மருத்துவர்கள் செய்துவரும் கருவிகள் எல்லாம், ஆட்டுக்குப் பிறவியிலேயே கிடைத்ததை மனிதனுக்குச் செய்து கொடுக்கும் முயற்சிகளே.

1960களில் கிளீவ்லாந்தின் ராபர்ட் ஒயிட், குரங்கின் மூளைக்குப் போகும் ரத்தத்தை வெளியே எடுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பினார். மூளை கடுங்குளிரில், உடல் கதகதப்பில். 1996இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பபூன் குரங்குகளின் தொடைத் தமனி வழியாகக் கழுத்துத் தமனிவரை குழாய் செலுத்தி அதையே செய்தார்கள். ஆனால் அடைபட்ட மூளையோடு அவசரமாக வந்து சேரும் மனிதரிடம், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுற்றவிடுவது அப்போது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

தலைக்கு மேலே குளிரூட்டினால்? விண்வெளி வீரர் உடைகளுக்காக நாசா செய்த தொழில்நுட்பத்தில் உருவான குளிர் தலைக்கவசத்தை 2004இல் இல்லினாய் மாநிலத்தில் அணிவித்துப் பார்த்தார்கள். மூளையின் சூடு முதல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 1.84 டிகிரி இறங்கியது. கவசத்தைத் தொடர்ந்து வைத்திருந்தால் சில மணி நேரத்தில் உடலும் குளிர்ந்தது. மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து போகும் குளிர், ஆழத்தை எட்டுவது கடினம். நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் 37 டிகிரியில் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும்போது, மேலே வைத்த பனிக்கட்டி தோலையும் மூளையின் மேற்பரப்பையும்தான் தொடும். மூக்கு வழியாக ஆவியாகும் திரவத்தைத் தெளித்துக் குளிர்விக்கும் கருவியும் வந்தது. இதயம் நின்றுபோன 677 பேரிடம் செய்த அதன் பெரிய ஆய்வு (2019) தெளிவான பலனைக் காட்டவில்லை.

தலைத்தொப்பி வெற்றிபெற்ற இடம் ஒன்று உண்டு. அது பச்சிளங்குழந்தையின் தலை. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, ஆக்லாந்தின் பீட்டர் குளக்மன், அலிஸ்டர் கன் குழு குளிர்நீர் சுற்றும் தொப்பியைச் செய்தது. முதலில் கருவில் இருந்த ஆட்டுக்குட்டிகளில் சோதித்தார்கள். 2005இல் 234 குழந்தைகளின் ஆய்வு வந்தது. பாதிப்பு மிகக் கடுமையாக இல்லாத குழந்தைகளிடம் பலன் தெரிந்தது. அதே ஆண்டு முழு உடல் குளிரூட்டலும் பலன் தந்தது. இன்று வளர்ந்த நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை.

நம் பக்கம் என்ன ஆனது என்பதை மறைக்கக்கூடாது. சென்னை, பெங்களூரு, மும்பை, டாக்கா, இலங்கை மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. முழு உடலும் குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. குளிரூட்டாதவற்றில் 31 சதவீதம். ஐரோப்பாவில் காத்த குளிர் இங்கே காக்கவில்லை. நம் தாய்மார்களின் கர்ப்பகால ஊட்டம், மகப்பேற்றுக் கவனிப்பு, மூளை பாதிக்கப்பட்ட நேரம் எல்லாம் வேறாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வெளியூரில் நிரூபணமானதை இங்கே அப்படியே இறக்குமதி செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

பக்கவாதத்துக்கு வருவோம். 2015இல் ஒரு பெரும் திருப்பம் நேர்ந்தது. தொடைத் தமனி வழியாக மூளைவரை கம்பிவலையோடு கூடிய குழாயைச் செலுத்தி, கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடும் முறை, நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த ஆய்வில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து ஆய்வுகளில் வென்றது. குளிர்ச் சிகிச்சையின் பெரிய ஆய்வுகள் ஆள் கிடைக்காமல் தடுமாற இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே குழாய்தான் குளிருக்கும் வழி திறந்தது. கட்டி இருக்கும் இடத்துக்கே மருத்துவர் ஒரு குழாயோடு போய் நிற்கிறார். அந்தக் குழாய் வழியே குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தினால்?

டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் யூச்சுவான் டிங், 2000களின் தொடக்கத்திலேயே எலிகளில் இதைச் செய்து வைத்திருந்தார். நாளத்தை அடைத்த நுண்குழல் வழியாகவே குளிர் உப்புநீரைப் பாய்ச்சினார். மூளையின் அந்தப் பகுதி மட்டும் நிமிடங்களில் குளிர்ந்தது, அழிவு குறைந்தது. அவரோடு சேர்ந்து பணியாற்றிய பெய்ஜிங் சுவான்வூ மருத்துவமனையின் ஜி ஷுன்மிங் குழு 2016இல் மனிதரிடம் வந்தது. 26 நோயாளிகள். கட்டியை எடுக்கும் முன்பும் பின்பும் 4 டிகிரி உப்புநீர், மொத்தம் 350 மில்லி, ஏறத்தாழ 10 நிமிடத்தில். பாதிக்கப்பட்ட பகுதியில் குறைந்தது 2 டிகிரி இறங்கியது என்று மதிப்பிட்டார்கள். உடலின் வெப்பமோ 0.3 டிகிரிக்கு மேல் இறங்கவில்லை. நடுக்கமில்லை, நுரையீரலுக்குத் தொல்லையில்லை. நோயாளி விழித்தபடியே இருக்கலாம்.

மயாமி எலிகளைக் காத்த அதே இரண்டு டிகிரி. ஃபே குமிழ் வைத்துத் தேடிய அதே இடம். இதைப் படித்த அன்று நான் எழுந்து சற்று நேரம் நடந்தேன்.

2018இல் அதே மருத்துவமனை 113 பேரின் முடிவை வெளியிட்டது. குளிர்நீர் பெற்றவர்களின் மூளையில் அழிந்த பகுதி சிறியதாக இருந்தது. மூன்று மாதம் கழித்துத் தம் வேலையைத் தாமே செய்துகொண்டவர்களும் அவர்களில் சற்று அதிகம். ஆனால் அது தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. யாருக்குக் குளிர், யாருக்கு வேண்டாம் என்று குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுமல்ல அது. உப்புநீர் குழாயில் வரும் வழியிலேயே ரத்தச் சூட்டால் கொஞ்சம் சூடேறிவிடுகிறது. அதிகம் செலுத்தினால் ரத்தம் நீர்த்து ஆக்சிஜன் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூளை வீக்கம் நாட்கணக்கில் நடப்பது. குளிரோ 10 நிமிடம்.

ஆகவே 2024 வரையிலான என் தீர்ப்பு இது: மூளையை மட்டும் குளிர்விக்கும் முறை, இதுவரை நடந்ததில் மிகச் சரியான திசை. பக்கவாதத்துக்கு நிரூபணமான சிகிச்சை அல்ல. குளிர்நீர்ச் சிகிச்சை தருகிறோம் என்று யாரேனும் உங்களிடம் பணம் கேட்டால், அது முறையான ஆய்வின் பகுதியா என்று கேளுங்கள்.

நிரூபணமானது எளிய ஒன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. செவிலியர்கள் மூன்றை விடாமல் கவனித்தார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன். காய்ச்சல் தலைகாட்டியவுடன் பாராசிட்டமால். விழுங்க முடிகிறதா என்று சோதித்தபின்தான் வாய்வழி உணவு. மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தவர்களும் 58 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தார்கள். உங்கள் வீட்டவர் பக்கவாதத்தோடு படுக்கையில் இருந்தால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானி வைக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலையில் ஐஸ் வைத்துக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 108ஐ அழையுங்கள், ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். அந்த ஊசிக்கு இன்று 4.5 மணி நேரம் இருக்கிறது.

(தொடரும்)